பாப்பம் என்ற பதில்

ட்ராக்டரைச் சேற்றில் புதைத்தது நான்தான். பார்லி விதைக்கும் இயந்திரம் பின்னால் பூட்டியிருக்க, அச்சு மறையும்வரை, வீதியில் போகிற எல்லோரும் வாகனத்தை நிறுத்திப் பார்க்க வசதியான இடத்தில். ஜெர்மனியில் முறையாக விவசாயம் படித்தவன் நான். சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். அது காய்ந்த சுவரில் பத்திரமாக இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் சந்தேகம். மார்ச் முடியப்போகிறது, பக்கத்துப் பண்ணைகளில் விதைத்தாயிற்று. பண்ணைக்காரி வீப்கேயிடம் நாங்கள் எப்போது என்று கேட்டால் "மால் ஸேயன்" என்பார். பார்க்கலாம், எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் பாப்பம், என்று அர்த்தம். போன கிழமை, சூரிய மின்தகடு பதிக்கிற நிறுவனத்தின் வாகனத்தில் இரண்டு பேர் வந்து மேற்கு வயலை அளந்தார்கள். சப்பாத்தில் ஒரு துளி சேறில்லை. திரும்ப வருவார்களா என்று நாசூக்காகக் கேட்டேன். மால் ஸேயன்.

வயல் போனால் என் வேலையும் போகும். என் மனைவி யோசப்பின், வுப்பர்டால் நகரில் பார்க்கும் முதியோர் இல்ல வேலையை விட்டுவிட்டு இங்கே வர ஆயத்தமாக இருக்கிறாள். விலகுவதை மாதக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும்.

நேற்றுத் தொலைபேசியில் கேட்டாள்.

"வீப்கே என்ன சொன்னவ?"

"பாப்பமாம்."

"அப்ப இல்லையெண்டுதான். உங்கட தங்கச்சிக்கு வந்த சம்பந்தமெல்லாம் பாப்பம் எண்டுதானே போனது."

"ஜெர்மன்காரர் பாப்பமெண்டா உண்மையாவே பாப்பினமப்பா."

"ஓம், பாத்துக்கொண்டே இருப்பினம். நீங்களும் சம்பளமில்லாமல் பக்கத்தில நிண்டு பாருங்கோ."

விதை மண்ணுக்குள் போய்விட்டால் வீப்கேக்கு விற்க மனம் வராது என்று கணக்குப் போட்டேன். இன்று காலை, அவரைக் கேட்காமல், மேற்கு வயலில் இறங்கினேன். மிச்சத்தை மேலே சொல்லிவிட்டேன்.

வீப்கே வந்தார். திட்டவில்லை. அதுவும் சந்தேகமாகவே இருந்தது. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கினார். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது.

"பக்கத்துப் பண்ணைக்காரரின்ர நிலம் மணல், கெதியாக் காயும். எங்கட களிமண்," என்றார். அவர் ஜெர்மனில்தான் சொன்னார்; எனக்கு யாழ்ப்பாணத் தமிழில் விளங்கியது.

"காஞ்சாப் பிறகு விதைப்பமோ?"

"மால்..."

"அந்தச் சொல் வேண்டாம். எங்கட வீட்டில அதுக்கு இல்லையெண்டுதான் அர்த்தம். யோசப்பின் வேலையை விடுறதோ, விடாமல் இருக்கிறதோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

வீப்கே ட்ராக்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எதை முதலில் வெளியே இழுப்பது என்று யோசிப்பது போலிருந்தது.

"முடிவாகாததைச் சொல்லிப் பழக்கமில்லை. நேற்றுத்தான் முடிவெடுத்தன், வாய்தான் இன்னும் பழைய சொல்லையே சொல்லுது. நீர் இப்ப நிக்கிற இந்த வயலைத் தகட்டுக்காரருக்குக் குடுக்கிறன், இதில எப்பவும் தண்ணிதான். கிழக்கு வயலைக் குடுக்கேல்ல. அது காஞ்ச உடனை பார்லி விதைக்கிறம், நீர்தான் விதைக்கிறீர். யோசப்பினை வரச்சொல்லும்."