ஐந்தாம் மாடிச் சூடு

1994ஆம் ஆண்டு ஜனவரியில், அஜின்கோர்ட்டில் ஷெப்பர்ட் வீதியோரம் நின்ற ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றை இருபத்துமூன்று லீற்றர் பியர் பதினொரு நாட்கள் சூடாக்கி வைத்திருந்தது. வெளியே சைபருக்குக் கீழே இருபத்தாறு பாகை. கட்டடத்தில் அறுபத்திரண்டு வீடுகள். பியர் இருந்தது ஐந்தாம் மாடியில், கிளடிஸின் படுக்கையறைச் சுவர் அலுமாரிக்குள், மூடி போட்ட ஒரு வெள்ளை வாளியில்.

கிளடிஸுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி அவித்துப் பொதி செய்யும் பகுதியில் ஏழு வருடமாக வேலை. பியரை அவள் ஆசைப்பட்டுத் தொடங்கவில்லை. கணவன் சூசைதாசன்தான் எங்கோ மலிவுவிற்பனையில் வாளியும் முளைவிட்ட பார்லியில் எடுத்த மோல்ற் பாகு ரின்னும் வாங்கி வந்து, கொதிக்கக் கொதிக்க இருந்த பாகிலேயே அதைப் பொங்கவைக்கும் ஈஸ்ற்றைக் கொட்டி ஈஸ்ற்றைக் கொன்றுவிட்டு, மூன்று கிழமை காத்திருந்து, ஈரச் சப்பாத்து மணத்தோடு ஒரு வாளி இனிப்புத் தண்ணீரைக் கண்டான். அதைக் கழிப்பறையில் ஊற்றிவிட்டு இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றான். கிளடிஸுக்கு நட்டம் கவலையாக இல்லை. வாளியை அவன் ஒழுங்காகக் கழுவாமல் தொடங்கியதுதான் அவளைப் போட்டு உறுத்தியது. அடுத்த சனிக்கிழமை ஒரு புது ரின்னோடு அவளே இறங்கினாள். குடிப்பது நாக்கு நனைய ஒரு மிடறு மட்டும், அதுவும் சரி பிழை பார்க்க.

இரண்டு வருடத்துக்குள் அவளுடைய கருத்துகள் கட்டடம் முழுவதும் தெரிந்துவிட்டன. பியர் காய்ச்சுவது என்றால் பத்தில் ஒன்பது பங்கு கழுவுவது. போத்தலுக்குச் சவர்க்காரம் ஆகாது, நுரை நிற்காது. காய்ச்சிய பாகு ஆறி, பிள்ளைக்குப் பால் பார்ப்பதுபோல மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, சுடாத பின்புதான் ஈஸ்ற் தூவ வேண்டும். பச்சைப் போத்தலில் அடைத்தால் வெளிச்சம் பட்டு நாறும், மண்ணிறப் போத்தல்தான் சரி. எல்லாவற்றுக்கும் மேலாக, ரின்னோடு வரும் காகிதத்தில் ஒரு கிலோ வெள்ளைச் சீனி போடு என்று எழுதியிருப்பதை நம்பக்கூடாது. சீனி போட்டால் பியர் மெலிந்துபோகும், சீனிக்குப் பதில் இன்னொரு ரின் மோல்ற்றே போட வேண்டும். யோசனை கேட்டு மார்க்கம் நகரிலிருந்துகூட ஆட்கள் கார் பிடித்து வந்தார்கள். மூடியைத் திறந்து பார்க்கும் ஆட்களோடு மட்டும் அவள் பொறுமையிழந்தாள். "என்னத்துக்குத் திறக்கிறியள்? நீங்கள் பாக்கிறியள் எண்டு அது கெதியாப் பொங்கப்போகுதே?"

அந்த ஜனவரி வாளியில் இருந்தது கறுப்பு மோல்ற் போட்ட கடும் மண்ணிறப் பியர். பெப்ரவரியில் வீட்டில் பியர் காய்ச்சும் சங்கம் ஒன்றின் போட்டி இருந்தது. முந்திய வருடம் அவள் அங்கே ஒரு போத்தலோடு போனபோது, வாசலில் பெயர் பதிந்தவர் மரியாதையாக, உங்கள் கணவர் எங்கே நிற்கிறார் என்று கேட்டார். போத்தலைக் கொடுக்காமலே திரும்பி வந்தாள். இந்த முறை கொடுப்பது என்று தீர்மானித்து, நான்கு மாதம் யோசித்து, குறிப்பெழுதி, கைப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூவை மணந்து மணந்து தெரிவுசெய்து காய்ச்சிய பியர் அது.

ஒரு சனிக்கிழமை காலை கட்டடத்தைச் சூடாக்கும் பொயிலர் வெடித்து நின்றது. புதுப் பாகம் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும் என்றார் கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பர். பிக்கரிங்கில் உறவினர் இருந்தவர்கள் அங்கே போனார்கள். இல்லாதவர்கள் கோட்டோடு படுத்தார்கள். ஞாயிறு பின்னேரம் ஐந்தாம் மாடிக்காரர்கள் கோட்டைக் கழற்றினார்கள். திங்கள் மத்தியானத்துக்குள் ஒன்பது மாடியிலும் ஜன்னல் பனி உருகி ஓடியது. சுப்பர் ஒவ்வொரு வீடாகக் குழாயைத் தொட்டுத் தொட்டு வந்து, ஈற்றில் கிளடிஸின் அலுமாரிக்கு முன்னால் நின்றார். சூட்டுக் குழாய் அந்த அலுமாரியின் மூலையால்தான் மேலே போனது. வாளி அதில் சாய்ந்திருந்தது. மூடியில் செருகிய சிறு கண்ணாடிக் குழாயினூடாகக் குமிழிகள் விடாமல் வெளியேறிக்கொண்டிருந்தன. பொங்கும் பியர் சூடு விடும் என்பது கிளடிஸுக்குத் தெரிந்த விசயம். இவ்வளவு விடும் என்பதை அன்றுதான் அறிந்தாள். சுப்பர் தன் குறிப்புப் புத்தகத்தில் "சூடு: பியர்" என்று எழுதிக்கொண்டு போனார்.

எட்டாம் மாடியில் ரிஃப்னாவுக்குப் பிறந்து பத்தொன்பது நாளான பெண்பிள்ளை இருந்தது. அவளுடைய கணவன் ஸவாஹிர், பியரின் சூட்டில் பிள்ளையை வைத்திருக்கலாமா, யாரிடமாவது கேட்க வேண்டாமா என்று தயங்கினான். "குடிக்கிறதுதான் கூடாது. சூடு சூடுதான்," என்றாள் ரிஃப்னா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

புதன்கிழமை குமிழிகள் குறைந்தன. அதுதான் முறை. ஈஸ்ற் இனிப்பை எல்லாம் தின்று முடித்துவிட்டது. கிளடிஸ் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். தன் கையால் இப்படி ஒன்று இதுவரை வந்ததில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. போத்தல்களை அவிக்கத் தொடங்கினாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. ரிஃப்னா பிள்ளையைத் தன் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் பூட்டியபடி நின்றாள்.

"அன்ரி, பைப்பு ஆறிட்டு வருது. புள்ளேட கையெல்லாம் குளிர்ந்துபோய்க் கிடக்கு."

கிளடிஸ் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அலுமாரிக்குப் போய் வாளி மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பெப்ரவரிப் போட்டி, வாசலில் நின்றவர், நான்கு மாதக் குறிப்புகள் எல்லாம் அந்த மூடிக்குக் கீழே இருந்தன. ஈஸ்ற் மறுபடி பொங்க வேண்டுமானால் தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும். வீட்டில் மோல்ற் இல்லை. கொதித்துக்கொண்டிருந்த போத்தல் சட்டியை இறக்கிவிட்டு வேறு சட்டியை வைத்தாள்.

"வீட்டை சீனி கிடக்கே, பிள்ளை?" என்று கேட்டாள்.

ரிஃப்னா இரண்டு கிலோ கொண்டுவந்தாள். கிளடிஸ் அதைக் காய்ச்சி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, ஆறிய பிறகு வாளியைத் திறந்து ஊற்றினாள். ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று சூசைதாசன் பிற்காலத்தில் சொல்வான். ஒரு மணித்தியாலத்தில் குழாய் சுட்டது.

அதன் பிறகு கட்டடமே படியேறி வந்தது. வெள்ளைச் சீனி, சர்க்கரை, தேன், அப்பத்துக்கு ஊற்றும் மேப்பிள் பாகு, கேக்குக்குத் தூவும் மாச்சீனி, கிறிஸ்மஸில் மிஞ்சிய இனிப்புகள். சூசைதாசன் பக்கத்துக் கடைகளில் இருந்த சீனி முழுவதையும் வாங்கி முடித்தான். கிளடிஸ் வேலைக்கு லீவு போட்டு, வந்தது எல்லாவற்றையும் காய்ச்சி, ஆறவைத்து, ஊற்றினாள். கெட்டுப்போகிற பியர் என்றாலும் அழுக்காகக் கெடக்கூடாது என்று ஒவ்வொரு தரமும் அகப்பையை அவித்தாள். வேறு எந்த ஈஸ்ற்றும் இரண்டு நாளில் தன் மதுவிலேயே மயங்கிச் செத்திருக்கும். இது சாகவில்லை. வாளியும் நிரம்பவில்லை, எவ்வளவு ஊற்றினாலும் இருபத்துமூன்று லீற்றரிலேயே நின்றது. பதினோராம் நாள் பொயிலருக்குப் பாகம் வந்து பூட்டினார்கள். கிளடிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உடுத்த உடுப்போடு பதினாறு மணித்தியாலம் நித்திரை கொண்டாள்.

அந்தப் பியரை அவள் போட்டிக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் போத்தலில் அடைத்து, இரண்டு கிழமை வைத்து, வீட்டுக்கு ஒன்று என்று தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். ரிஃப்னா வீட்டுக்கும் குடியாத மற்ற வீடுகளுக்கும் பிரண்டி சேர்க்காத, உலர்பழம் போட்ட ரிச் கேக். குடித்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு பியரை வாழ்நாளில் குடித்ததில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது நன்றியில்தான். அதைக் கேட்கக் கேட்க அவளுடைய முகம் சுருங்கிக்கொண்டே போனது. மூன்றாம் மாடியில், ஓய்வுபெற்ற தபாலதிபர் தில்லையம்பலம் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாசை மெதுவாக மேசையில் வைத்தார்.

"பிள்ளை, குறை நினைக்காதை. உது குடிக்கேலாது. அப்பிள் சாறு புளிச்ச மாதிரிக் கிடக்கு."

அவருடைய மனைவி யோகராணி பதறிப்போய், "உங்களுக்கு விசரே?" என்றாள். கிளடிஸ் கதிரையில் இருந்து, கண்ணால் நீர் வர வரச் சிரித்தாள்.

"ஓம் அண்ணை, அப்பிள்தான். சீனி கூடினா உப்பிடித்தான் வரும். ஒராள் எண்டாலும் சொன்னியளே."

சீனி போடாமல் அது எப்படி இருந்தது என்பதைப் பின்னேரம் முழுக்க அவருக்கு விவரித்தாள். கறுத்த பாணின் கருகல், நடுவில் கோப்பி, தொண்டையில் இறங்கிய பிறகு மெல்லிய கைப்பு. தில்லையம்பலம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிவில், இப்போது தெரிகிறது என்றார்.

அடுத்த வருடம் அவள் புதிதாக ஒன்று காய்ச்சிப் போட்டிக்குக் கொடுத்தாள். இரண்டாம் இடம். நடுவர் எழுதிய துண்டில் முதல் வார்த்தை "சுத்தம்" என்பது. அதை அவள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். அந்தப் புதுப் பியர் பொங்கிய ஏழு நாளும் கட்டடத்தில் பொயிலரை நிறுத்தி வைத்திருந்தார்கள். இன்றைக்கும் புதிதாகக் குடிவருபவர்களிடம் வீட்டுத் திறப்பைக் கொடுக்கும்போது சுப்பர் மூன்று விசயம் சொல்லுவார்: குப்பை செவ்வாயும் வெள்ளியும், உடுப்புத் தோய்க்கும் அறை எட்டு மணி வரை, ஐந்தாம் மாடியில் பியர் பொங்குகிற கிழமை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மூன்றாவதைப் பற்றி இதுவரை ஒருவரும் விளக்கம் கேட்டதில்லை.