மூடிய பொட்டலம்

டிரைவரின் மனைவிக்கு பஸ் டிப்போவில் அலாரம் என்று பேர். பேர் வைத்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வண்டி கிளம்பி ஒரு மணி நேரம் ஆனால் போதும், டிரைவரின் சட்டைப் பையில் போன் அடிக்கும். "சாப்பிட்டீங்களா? தலை சுத்தலையே?" இரண்டே கேள்விதான். பதில் கிடைத்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும்.

அவள் பயம் வெட்டிப் பயம் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்பு, சிக்னலில் நின்றிருந்தபோது தலை சுற்றி ஸ்டியரிங் மேலேயே சாய்ந்தவர் அவர். மாத்திரை, ஓய்வு, பரிசோதனை எல்லாம் முடிந்து, ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகுதான் மறுபடி வண்டி ஏறினார். போன வாரம் வண்டியை ஓட்டிக்கொண்டே அவள் அழைப்பை எடுத்துவிட்டார். பயணி ஒருவர் புகார் எழுதிவிட்டார். இன்னொரு புகார் வந்தால் இறக்கிவிடுவோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். டிப்போவிலிருந்து அழைப்பு வரும் என்பதால் போனை அணைக்கவும் வழியில்லை.

"உன் பயத்தாலயே எனக்கு வேலை போகப்போகுது," என்றார் அன்று காலை, ஷூவை மாட்டிக்கொண்டே. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

ஜெபம் செய்யாதவள் இல்லை அவள். விடிந்ததும் சமையலறைத் தரையில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, அவரை உம்ம கையில ஒப்படைக்கிறேன்" என்பாள். ஆமென் சொல்லி எழுந்திருப்பதற்குள் கை போனைத் தேடும்.

அவளுக்கு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் வேலை. அறுவைக் கருவிகளைக் கழுவி, பட்டியலைப் பார்த்து அடுக்கி, துணியில் இரண்டு சுற்று மடித்து, டேப் ஒட்டி, நீராவி இயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும். வெளியே வரும்போது டேப்பிலிருக்கும் வெளிறிய கோடுகள், நீராவி பட்டதற்கு அடையாளமாக, கருத்திருக்கும். அப்புறம் அந்தப் பொட்டலத்தை அறுவை அறையில்தான் பிரிக்கலாம். நடுவில் யார் பிரித்தாலும் சுத்தம் போச்சு.

அன்றைக்கு உடம்பு மட்டும்தான் வேலையில் இருந்தது, மனசு பஸ்ஸில் இருந்தது. இயந்திரத்திலிருந்து வந்த பொட்டலம் ஆறியதும் ஒரு சந்தேகம்: வளைந்த கத்தரியை வைத்தோமா? பட்டியலில் டிக் இருந்தது. இருந்தும் டேப்பை இழுத்துப் பிரித்தாள். கத்தரி இருக்க வேண்டிய இடத்தில் சமர்த்தாக இருந்தது.

பிரிவின் பொறுப்பாளர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். சாமி, ஜெபம் எதிலும் நாட்டமில்லை, வேலையில் மட்டும் புலி. அவள் பார்த்துவிட்டாள்.

"ஏன்க்கா பிரிச்சீங்க?"

"கத்தரி வெச்சேனான்னு சந்தேகம்."

"டிக் போட்டது யாரு?"

"நான்தான்."

"இனி இது எதுக்கும் ஆகாது. மறுபடி கழுவுறதுலேர்ந்து ஆரம்பிங்க. அதுவரைக்கும் மேல டாக்டர் காத்துக்கிட்டு இருக்கட்டும். மூடுறதுக்கு முன்னாடி நூறு தடவ பாருங்க. மூடின பிறகு பாக்காதீங்க."

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். கத்தரியைப் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. தினமும் காலையில் தான் செய்வதும் இதேதானே? ஒப்படைத்தேன் என்று மூடுகிறாள். ஆண்டவர் ஒழுங்காகப் பிடித்திருக்கிறாரா என்று மணிக்கொரு தடவை பிரித்துப் பார்க்கிறாள். வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வெட்கத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் தெரிந்தது.

மதிய இடைவேளையில் துண்டுக் காகிதத்தில் எழுதினாள்: "ஆண்டவரே, அவர், அவர் வண்டி, ரோட்டில் போகிற எல்லாரும் உம்ம பொறுப்பு." எழுதியதை நாலு தடவை படித்தாள். பிறகு, ஒதுக்கிப்போட்ட துணித் துண்டில் மடித்து, டேப் ஒட்டி, பழக்க தோஷத்தில் தேதியும் போட்டுக் கைப்பைக்குள் வைத்தாள்.

இரண்டு மணிக்குக் கை பைக்குள் போனது. போனைத் தொடவில்லை, பொட்டலத்தைத் தொட்டுவிட்டு வெளியே வந்தது. பயம் போய்விட்டது என்றால் பொய். பயம் இருந்தது. அதைச் சுமக்க இன்னொருவரும் இருந்தார், அவ்வளவுதான்.

ஐந்து மணிக்கு வர வேண்டியவர் ஆறாகியும் வரவில்லை. அவள் அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள். பொட்டலத்தை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "உம்ம பொறுப்பு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். போன் பைக்குள்ளேயே கிடந்தது.

கதவு படாரென்று திறந்தது. அவருக்குச் சட்டையெல்லாம் வியர்வை.

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன? நீங்க ஏன் லேட்டு?"

"உன்னைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன். மத்தியானத்துலேர்ந்து ஒரு தடவகூடப் போன் அடிக்கலைன்னா மனுஷன் என்னன்னு நினைப்பான்?"

"வண்டிய விட்டுட்டு நீங்களே கூப்பிட்டிருக்கலாமே."

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பயமா இருந்துச்சு. வேற யாராவது எடுத்து, உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு சொல்லிட்டா?"

அந்தப் பயம் எப்படியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதையும் மறைக்கவில்லை. அவர் சங்கடப்பட்டு மேஜைமேலிருந்த பொட்டலத்தை எடுத்து டேப்பை நெருடினார்.

"பிரிக்காதீங்க."

"உள்ள என்ன?"

"நீங்கதான். காலையில முழங்கால் போட்டுச் சொல்றேன்ல, அது."

அவர் இரண்டு கையாலும் அதை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"நாளைக்கு உன்னையும் ஒண்ணுல மடிச்சுக் குடு," என்றார். "நான் பையில வெச்சுக்கிறேன்."