நாலாம் வரிசை, ஏழாம் குழி

சவப்பெட்டிக்குள் கிடந்த மனைவியின் கோட்டுக் காலரைத் தையல்காரர் மூன்றாவது முறையாக நீவிவிட்டுக்கொண்டிருந்தபோது, அவளுடைய ஆய்வக உதவியாளப் பெண் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். துக்கம் கேட்க வந்தவள் என்றுதான் எல்லோரும் வழிவிட்டார்கள். அவளோ அவர் காதருகே குனிந்து, பட்டியல் எங்கே என்று கேட்டாள்.

"எந்தப் பட்டியல்?"

"மேடம் கடைசியா வச்ச தட்டுக்கு, சார். காலைல மெஷின்ல வச்சுப் பார்த்தேன். ஒரு குழி ஒளிருது. நாலாம் வரிசை, ஏழாம் குழி."

குழி ஒளிர்ந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருட இல்லறத்தில் அவர் கற்ற ஒரே விஞ்ஞானம் அதுதான். ஈரல் செல்லின் உட்கருவுக்குள் ஓர் ஏற்பி இருக்கிறது, பூட்டு மாதிரி. எந்தப் பொருள் அதைத் திறக்கும் என்று எவருக்கும் தெரியாததால் அதற்கு அநாதை ஏற்பி என்று பெயர். திறப்பது எதுவென்று தெரிந்தால், ஈரல் கொழுத்துக் கெட்டுப்போகிறவர்களுக்கு மருந்து செய்ய ஒரு வழி பிறக்கலாம்.

ஆய்வகத்திலிருந்த ஆயிரக்கணக்கான ரசாயனங்களும் கையை விரித்துவிட்ட பிறகு மனைவி வீட்டுச் சாமான்களுக்குள் புகுந்துவிட்டாள். சோப்பு, பற்பசை, அவர் குடித்து மிச்சம் வைத்த இருமல் மருந்து, அவருடைய தலைச்சாயம், எதையும் விடவில்லை. எல்லாவற்றிலும் ஒரு துளி எடுத்து, தொண்ணூற்றாறு குழித் தட்டில் வளரும் செல்கள்மேல் விடுவாள். பொருந்தினால் குழி ஒளிர வேண்டும். இதுவரை எதுவும் ஒளிரவில்லை. அவர் தலைக்குச் சாயம் பூசுகிறார் என்ற சேதி மட்டும் மைத்துனிவரை போய்ச் சேர்ந்தது.

பட்டியல் இல்லாவிட்டால் எந்தக் குழியில் எது என்று தெரியாது, குறிப்பேட்டில் 'பட்டியல் வீட்டில்' என்று மட்டும்தான் இருக்கிறது என்றாள் உதவியாளர். தையல்காரருக்கு நினைவு வந்தது. முந்தாநாள் மாலை மனைவி அவருடைய வெட்டுமேசையில் உட்கார்ந்து, தாள் கிடைக்காமல், துணிப்பென்சிலால் கோட்டுக்கென்று கிடந்த உள்துணியில் எழுதிக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் பேருந்து நிறுத்தத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

ஊருக்கெல்லாம் தைத்தவர் மனைவிக்கு ஒரு கோட்டு தைக்க நேரமில்லாமல், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். இன்று விடிந்ததும் உட்கார்ந்து ஒரே மூச்சில் தைத்து முடித்தார். உள்துணி முழுக்க எண்களும் எழுத்துமாக இருந்தது. கண்ணில் நீர் நின்றதில், தான் குறித்து வைத்த அளவுகள் என்றே நினைத்து, எழுத்து தெரியாதபடி உட்பக்கமாகத் திருப்பி வெட்டினார். அந்தக் கோட்டு இப்போது அவள் உடம்பில் இருக்கிறது. மூன்று மணிக்கு வண்டி வரும். மணி இரண்டேகால்.

அவர் மைத்துனியைக் கூப்பிட்டு, ஒரு பட்டன் தளர்ந்திருக்கிறது, பத்து நிமிடம் எல்லோரும் வெளியே இருங்கள் என்றார்.

"இப்ப யாரு அத்தான் பட்டனைப் பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்."

அவள் எல்லோரையும் வெளியே அனுப்பினாள். மூலையில் தூங்கிப்போயிருந்த பெரியப்பாவை நாற்காலியோடு தூக்கி வெளியே வைத்தார்கள்.

உதவியாளரை மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் பிளேடை எடுத்தார். தையல் அவ்வளவு நெருக்கம், நுனி உள்ளே போவேனா என்றது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் தொழில் சுத்தத்தைத் தானே திட்டிக்கொண்டார். இடது பக்கம் பிரித்ததில் முதல் மூன்று வரிசைகள் கிடைத்தன. நாலாவது முதுகுப் பக்கம். இருவருமாக அவளை ஒருக்களித்தார்கள். மன்னித்துக்கொள் என்று அவர் முணுமுணுத்தார். உதவியாளர் தன் பங்குக்கு, சாரி மேடம் என்றாள்.

கைபேசி வெளிச்சத்தில் உதவியாளர் விரலை வைத்து எண்ணினாள். ஆறாவது, இஸ்திரிப்பெட்டித் தண்ணீர். ஏழாவதைச் சத்தமாக வாசித்தாள்:

"பச்சை மூடிப் புட்டி. என்னன்னு அவர்கிட்ட கேக்கணும்."

உதவியாளர் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அது தையல் மெஷின் பக்கத்தில் இருக்கும் எண்ணெய்ப் புட்டி. சொல்லலாம் என்று வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். எண்ணெயாக ஆரம்பித்தது என்னவோ உண்மை. குறையக் குறைய, கையில் அகப்பட்டதையெல்லாம் அதில் ஊற்றி வந்திருக்கிறார். எட்டு வருடமாக அந்தப் புட்டி காலியானதே இல்லை.

"எனக்கே தெரியாதும்மா," என்றார்.

உதவியாளர் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இது தப்பாகவும் இருக்கலாம், மூன்று தடவையாவது திரும்பப் பார்க்க வேண்டும் என்றாள். சரியாக இருந்தால் புட்டியில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும், அதற்கு வருடக்கணக்காகும். கைபேசியில் பட்டியலைப் படம் பிடித்துக்கொண்டு, புட்டியைத் தலைக்கவசத்துக்குள் நிமிர்த்தி வைத்து, இரண்டு கையாலும் ஏந்தியபடி பின்வாசல் வழியாகப் போனாள்.

தெருவில் வண்டி ஒலி எழுப்பியது. தையல்காரர் ஊசியில் நூல் கோத்து, பிரித்த இடத்தைத் தைக்கத் தொடங்கினார். மனைவி அவரிடம் கேட்க நினைத்த கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"முதல்ல மெஷின் எண்ணெய்தான். அப்புறம் கதவுக் கீலுக்கு வாங்கினதுல மிச்சம். மெழுகு உருக்கி ஒரு தடவை விட்டேன். முட்டிக்குத் தடவுற தைலம், அது பாதிப் புட்டி..."

பட்டன் என்ன ஆயிற்று என்று பார்க்க மைத்துனி கதவைத் திறந்தாள். கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும், பின்னால் வந்தவர்களிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். பிரார்த்தனை முடியட்டும் என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.