ஒன்பது மணி நிழல்

நாலு பேர் குனிந்து அப்பாவைத் தூக்கும்போது அவன் சட்டைப்பையில் அலாரம் அடித்தது. காலை ஒன்பது.

"அணைடா அதை," என்றாள் அக்கா.

அணைத்தான். நேற்றும் அணைத்தான்.

அலாரம் ஆமைக்கானது. வெல்டரான அப்பா ஓய்வு பெற்றதும் பின்கட்டில் முழங்கால் உயரத்துக்குக் கம்பி வேலி போட்டு, உடைந்த சிமெண்ட் குழாயைப் பாதி புதைத்து, சருகு பரப்பி அதற்கு வீடு கட்டினார். மேலே இழுத்து மூட ஒரு பச்சை வலை. ஆமைக்கு முதலாளி என்று பேர். அவர் தூக்கி ஓரமாக வைக்க முடிந்த ஒரே முதலாளி அதுதானாம்.

"இது பாலைவனத்து ஜந்து இல்லடா. மழைக்காட்டுல மரத்தடியில கெடந்த வம்சம். காலைல ரெண்டு மணி நேரம் வெயில் பட்டா ஓடு கெட்டிப்படும். அதுக்கு மேல விட்டா சட்டியில போட்டு வறுக்கிற மாதிரி," என்பார்.

நுரையீரல் கெட்டு அவர் படுக்கையில் விழுந்த பிறகு, வேலை அவனிடம் வந்தது. குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல் முடிந்து ஏழு மணிக்கு வருவான். பின்கட்டு மண்ணில் தண்ணீர் தெளித்து, வலையைச் சுருட்டிவிட்டுப் படுப்பான். ஒன்பதுக்கு எழுந்து வலையை இழுக்க வேண்டும்.

"இழுத்தியா?"

"இழுத்தாச்சு."

இரண்டு மாதமாக அப்பாவும் மகனும் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

நேற்று இரண்டு தடவை கூப்பிட்டார். அவனுக்குக் கேட்டது. இரண்டே நிமிடம் என்று புரண்டு படுத்தான். எழுந்தபோது பத்தே முக்கால். அப்பா வேலியோரம் குப்புறக் கிடந்தார், வலைக்கயிறு மணிக்கட்டில் சுற்றியிருந்தது. அவரைத் தூக்கிவந்து கட்டிலில் போட்டு, முழங்கால் மண்ணைக் கழுவிய பிறகுதான் அக்காவுக்குப் போன் செய்தான்.

"தூக்கத்துலயே போயிட்டாருக்கா."

யாருடைய தூக்கத்தில் என்று சொல்லவில்லை.

"கொடுத்து வெச்ச சாவு," என்று அக்கா புருஷன் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தலை சீவிவிட்ட அக்கா மட்டும் அப்பாவின் நகத்தையே பார்த்தாள். "எப்படிடா மண்ணு?"

"தெரியலக்கா."

இப்போது அவன், "கொஞ்சம் இறக்குங்க," என்றான்.

"வண்டி நிக்குது. என்னடா?" என்றாள் அக்கா.

"வலை இழுக்கணும்."

"ஆமைக்கா? இந்த நேரத்துலயா?" என்றார் அக்கா புருஷன். அவன் பின்கட்டுக்கு நடந்தான்.

நேற்றிலிருந்து அவன் பின்கட்டுப் பக்கம் போகவில்லை. வலை பாதி வரை இழுபட்டு அப்படியே நின்றது. அந்தப் பாதியின் நிழலில் ஆமை தலையை உள்ளே இழுத்துக் கிடந்தது. மீதிப் பாதியில் வெயில்.

அக்கா பின்னாலேயே வந்திருந்தாள்.

நேற்று அவன் தண்ணீர் தெளித்த மண் காய்ந்து இறுகியிருந்தது. கதவிலிருந்து வேலி வரை அதில் இரண்டு முழங்கால் தடங்கள், நடுநடுவே கை ஊன்றிய பள்ளங்கள். ஓரிடத்தில் அவர் நின்று மூச்சு வாங்கியிருக்க வேண்டும். அங்கே பள்ளம் ஆழமாக இருந்தது.

அவள் குனிந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள்.

"கூப்பிட்டாரா?"

"ரெண்டு தடவை."

அவன் கயிற்றைப் பிடித்து மீதி வலையை இழுத்தான். வளையங்கள் கம்பியில் உரசிக்கொண்டு போயின. ஆமையின் மேல் தண்ணீர் தெளித்தான். அது அசையவில்லை. பிறகு ஒரு கால் மட்டும் வெளியே வந்தது.

வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா தடங்களை மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்து உள்ளே போனாள்.