பலகைக்குப் பின்னால்

ஏழு மாதம் பாடுபட்டு அந்த ரோபோவைச் செய்தேன். மார்பில் நாலு பொத்தான்: முன்னால், பின்னால், இடம், வலம். எந்தப் பிள்ளையும் பதினாறு கட்டளை வரை வரிசையாக அமுக்கலாம். ரோபோ அதை நினைவில் வைத்து அப்படியே நடக்கும். தப்பாக அமுக்கினால் தப்பாகவே நடக்கும். சொன்னதைச் செய்கிற ஜென்மம் இந்த ஊரில் வேறு எங்கே இருக்கிறது?

சிங்கப்பூரில் எங்கள் அறிவியல் காட்சிக்கூடத்தின் மேலாளர் மிஸ்டர் கோவுக்கு அதுதான் பயம். 1984இல், திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் கூப்பிட்டார். பிள்ளைகள் கண்டபடி அமுக்கி, அது விழாவுக்கு வரும் தலைமை விருந்தாளிமேல் மோதினால் என்ன செய்வது? பொத்தான் பெயருக்கு இருக்கட்டும், நீ மேடைத் தடுப்புப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து வயரில் ஓட்டு, யாருக்கும் தெரியக்கூடாது என்றார். என் காண்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. தலையாட்டினேன்.

பொத்தான் அமுக்கத் தேர்ந்தெடுத்த பிள்ளை என் மகள் பெட்டி. ஒன்பது வயது. ஜூரோங் வீட்டில் சமையலறைத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒரு மாதமாக அவளே ரோபோவாக நடந்து பழகியிருந்தாள். மூன்று அடி முன்னால், இடப்பக்கம் ஒரு திருப்பம், இரண்டு அடி முன்னால். விழாவில் ரோபோ அப்படியே அம்மாவிடம் போய் நிற்க வேண்டும். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விழாவில் பலகை ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஒன்றுவிடாமல் சரியாக அமுக்கினாள். இடப்பக்கம் என் மனைவி ஜோன் கைநீட்டிச் சிரித்தபடி நின்றாள். நான் ரோபோவை நேராக விருந்தாளியிடம் ஓட்டினேன். ஒரே கைதட்டல். பெட்டி மட்டும் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் கேட்டாள். "அப்பா, நான் லெஃப்ட்தானே அமுக்கினேன்?"

ரோபோ கெட்டது என்று சொல்ல மனம் வரவில்லை. நான் கெட்டவன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

"இல்லம்மா. பதட்டத்துல மாத்தி அமுக்கிட்ட."

"சாரிப்பா. உங்க ரோபோவ நான்தான் கெடுத்துட்டேன் லா."

ஜோன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாவி, பெற்ற பிள்ளைமேலேயே பழியைப் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டி ஈரத்துணி எடுத்துத் தரையிலிருந்த கட்டங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். நான் தடுக்கவில்லை. எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. தினமும் பத்து மணியிலிருந்து ஆறு மணிவரை, பலகைக்குப் பின்னால்.