பள்ளத்து வீடுகளின் பட்டியல்

1

இந்தக் கதையைப் பெல்சி என்னிடம் சொன்னது காரைக்குடி பேருந்து நிலையத்தில். குறித்துக்கொண்டேன், எழுதப் பயந்து ஒரு வருஷம் நோட்டை மூடிவைத்தேன். முதலில் எழுதிய வரி: 'மழை வானத்தைப் பிளந்துகொண்டு—'

அடித்துவிட்டேன். அவள் பயந்தது மழைக்கு அல்ல.

2

1998, ஐப்பசி. ஓர் அரசு அலுவலகத்தில் பெல்சிக்கு ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை. கல்லல் பக்கத்து ஊர்களின் வீட்டுப் பட்டியல் அவளுடைய டேட்டாபேஸில் இருந்தது. நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் வரைபடமோ பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில். டேட்டாபேஸில் கேட்டால் போதும், அதுவே கேபிள் வழியாகப் போய் வரைபடத்தைப் பார்த்துவந்து, பள்ளத்தில் இருக்கும் வீடுகளைச் சொல்லும். அப்படி இணைத்தவள் பெல்சிதான்.

[இதை இரண்டு பக்கம் விளக்கியிருந்தேன். என் மனைவி படித்துவிட்டு, "பக்கத்து வீட்ல கேட்டுட்டு வந்து சொல்லுது, அம்புட்டுத்தானே?" என்றாள். அவ்வளவுதான்.]

3

மூன்று நாளாக மழை. மத்தியானம் மேலதிகாரி குருநாதன் வேகமாக வந்தார்.

"கண்மாய்க் கரை கசியுதாம். கீழ எத்தனை வீடு பள்ளத்துல இருக்குன்னு பாரும்மா."

(ஊர்ப் பெயரை எழுதவில்லை. மாற்றி எழுதவும் மனம் வரவில்லை.)

பெல்சி தட்டினாள். திரையில் பூஜ்யம்.

"அப்பாடா! யாரையும் கெளப்ப வேண்டாம். மேல சொல்லிர்றேன்." போன் பண்ணத் தன் அறைக்குப் போய்விட்டார்.

போன மாதம் இதே ஊருக்கு அறுபத்திரண்டு வந்ததே! பெல்சி பக்கத்து அறைக்கு ஓடினாள். கூரை ஒழுகி, வரைபடக் கம்ப்யூட்டரை யாரோ அணைத்துப் பாலிதீன் தாளால் மூடியிருந்தார்கள். தட்டிப் பார்த்தாள். உயிர் வரவில்லை.

4

இந்த இடத்தில் பெல்சியை நான் நம்பவில்லை. ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம். நீட்டித்துத் தர வேண்டியவர் குருநாதன். நானாக இருந்தால் வாயைத் திறந்திருப்பேனா? 'அவள் துணிச்சலோடு—'

இல்லை. குருநாதன் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதாகத்தான் சொன்னாள்.

"சார், அந்தப் பூஜ்யத்த நம்பாதீக."

"என்னம்மா சொல்ற?"

"வீடு இல்லைன்னு அர்த்தமில்ல சார். படத்தையே அது பாக்கல. பாக்க முடியலைன்னா பூஜ்யம் போடுன்னு நான்தான் எழுதிவச்சேன்."

"ஏம்மா அப்படி எழுதுன?"

"திரையில தப்புன்னு வந்தா நீங்க சத்தம் போடுவீக. பயந்துட்டேன் சார்."

குருநாதன் கையில் எடுத்திருந்த போனை வைத்துவிட்டு ஜீப்பைக் கூப்பிட்டார். ஊரைக் கிளப்ப அவளையும் ஏற்றிக்கொண்டார்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கரை நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும் சனம், சும்மா அலையவைத்ததற்கு அவளைத் திட்டித் தீர்க்கிறது. இன்னொன்று நான்கு வரிக்கு மேல் நகரவில்லை.

எது நடந்தது என்று பெல்சி சொன்னாள். நான் சொல்லப்போவதில்லை. தெரிந்தால் அதை வைத்தே, அவள் பேசியது சரியா என்று தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள். ஜீப்பில் போன அந்த அரை மணி நேரம் அவளுக்கு எதுவும் தெரியாது.

ரோடு தண்ணீருக்குள் மறைந்த இடத்தில் டிரைவர் கருத்தையா பிரேக் போட்டார். குருநாதன் திரும்பிப் பெல்சியைப் பார்த்தார்.

"இதுக்கு மேல பாதை தெரியல தங்கச்சி. போகவா, திருப்பவா?"

"போங்கண்ணே," என்றாள்.

நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். மீதித் தூரம் நீங்கள் அவளோடு போங்கள்.