மால்கம் பை நிரப்பிய சனிக்கிழமை

இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் எங்கள் ஊரின் பித்தளை வாத்தியக் குழுவில் மால்கம் சட்க்ளிஃப் முப்பத்தொரு வருஷமாக டியூபா என்ற பெரிய ஊதுவாத்தியம் வாசித்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நான் அதே குழுவில் டிரம் அடிப்பவள்.

அந்தச் சனிக்கிழமை குழு மொத்தமும் சூப்பர்மார்க்கெட்டில் நின்றோம். வாங்கிய சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்தால் வாளியில் காசு விழும். பாதி புற்றுநோயாளிகள் இல்லத்துக்கு, பாதி லண்டன் வாத்தியப் போட்டிக்குப் போகும் செலவுக்கு. எல்லோரும் குழுவின் சிவப்புக் கோட்டு. எனக்கு அடுத்த கவுண்டர் மால்கமுடையது.

"வேணாம்ப்பா, நானே போட்டுக்கறேன். போன தடவை முட்டையை அடியில வச்சுட்டாங்க," என்றாள் ஒரு கிழவி.

"இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான். ஒரு முட்டை குலுங்காது."

அவள் சிரித்துவிட்டுப் பையை நீட்டினாள். அவர் வாளி மட்டும் வேகமாக நிறைந்தது.

மதியம் ஜனீன் என்றொருத்தி வந்தாள். சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"எங்க பையன் கல்லம் உங்க குழுவுலதான் சேர்ந்திருக்கான்! லண்டன்ல டியூபா அவன்தான். அந்த மூலை நாற்காலியில ஒரு பெரியவர் இருக்காராமே, அவருக்கு இப்பல்லாம் மூச்சு பத்தலையாம். நைஜல் சொன்னாரு."

நைஜல் எங்கள் குழுவின் இசை நடத்துநர்.

மால்கம் கையில் பால் புட்டி. அதை ரொட்டியில் படாமல் ஓரமாக வைத்தார். "ஆமாம்மா. பத்தல," என்றார். அவள் வாளியில் ஐந்து பவுண்டு நோட்டைப் போட்டுவிட்டுப் போனாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா, ஜில்?"

தெரியும். செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டத்தில் அவரை மாற்றலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. "சனிக்கிழமை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். அவர் நின்னாத்தான் காசு விழும்," என்று நைஜல் சொன்னபோதும் நான் வாய் திறக்கவில்லை.

"தெரியும்," என்றேன்.

அவர் அடுத்த ஆளின் உருளைக்கிழங்கை எடுத்துப் பையில் போட்டார். ஐந்து மணிவரை அப்படியே நின்றார், ஆனால் யாரிடமும் வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் நைஜல் வந்து அவர் முதுகில் தட்டினான். "பிரமாதம், மால்கம்! உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல!"

மால்கம் வாளியை அவன் கையில் கொடுத்தார். சிவப்புக் கோட்டைக் கழற்றி மடித்து அதன் மேல் வைத்தார்.

"அந்தப் பையனுக்குத் தொளதொளன்னு இருக்கும். பிடிச்சுத் தைக்கச் சொல்லு."

நைஜலின் முகம் வெளுத்தது. "மால்கம், நானே சொல்றதாத்தான்..."

"காசை எண்ணுப்பா," என்று சொல்லிவிட்டு, வெறும் சட்டையோடு மழையில் இறங்கி நடந்தார்.

லண்டனில் எங்களுக்குப் பதினோராவது இடம். கல்லம் நன்றாகத்தான் வாசித்தான். திரும்பி வந்தபின் இரண்டு தடவை மால்கம் வீட்டு மணியை அடித்துப் பார்த்தேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை.